மழைக்கு முன்னால் வந்த தண்ணீர்

அந்த ஊரில் வெள்ளம் முதலில் வரும், மழை பிறகு வரும். தொடக்கத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு நாள்தான் இடைவெளி இருந்தது. பேருந்தே நேரத்துக்கு வராத ஊரில், வெள்ளம் ஒரு நாள் முந்தி வந்துவிட்டது என்று யார் போய்ப் புகார் கொடுப்பது? சில ஆண்டுகளில் அந்த ஒரு நாள் ஒரு வாரமாயிற்று, பிறகு பதினைந்து நாள் போலாயிற்று. இங்கே சொல்லப்படும் சங்கதி நடந்த ஆண்டில், சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருக்க, வானத்தில் கைக்குட்டை அளவு மேகம்கூட இல்லாத ஒரு நண்பகலில், மலையிலிருந்து செம்மண் நிறத்தில் தண்ணீர் புரண்டு வந்தது. அந்தத் தண்ணீருக்கு உரிய மழை வந்து சேர இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது.

இதைப் பார்த்து வாயைப் பிளக்க நேரமில்லாத ஒரே ஆள், ஏரியின் ஷட்டர்களைப் பார்த்துக்கொண்ட பெண். ஊருக்கு அவள் ஷட்டரக்கா. ஏரிக்கரையின் தாழ்ந்த முனையில் இருக்கும் ஐந்து இரும்புக் கதவுகளை, ஆளுயர இரும்புக் கைப்பிடியைச் சுற்றி ஏற்றுவதும் இறக்குவதும் அவள் வேலை. இறக்கினால் தண்ணீர் ஏரியில் தேங்கும், குழாய் வழியாக ஊருக்குப் போகும். ஏற்றினால் பின்பக்கம் பாய்ந்து ஆற்றில் கலந்து யாருக்கும் உதவாமல் கடலுக்குப் போகும். கரையோரத்தில் நீர்வள அலுவலகம் கொடுத்த இரண்டு அறை வீடு. முன்னறையில் அவள் கணவரின் தையல் இயந்திரம். அவர் பெரும்பாலான நேரம் குண்டூசியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார். அதனால் பேச்சு குறைவு, வீட்டில் சண்டையும் குறைவு.

முன்பெல்லாம் மலையில் பெய்த மழைக்கு ஏரிக்கு வந்து சேர எந்த அவசரமும் இருந்ததில்லை. இலையில் தங்கி, சருகில் ஊறி, வேரைப் பிடித்து மண்ணுக்குள் இறங்கி, பாறை இடுக்கில் கொஞ்ச காலம் படுத்துக் கிடந்து, கோடை பாதி கடந்த பிறகு மெல்ல ஓடையில் எட்டிப் பார்க்கும். விருந்துக்குக் கிளம்பிய உறவினர் வழியில் எல்லார் வீட்டிலும் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வருவதுபோல. பிறகு மலையின் மேல்பாதியில் காட்டை வெட்டி ஒரே ரகப் பழமரமாக வைத்தார்கள். அடியில் புல்கூடத் தலைகாட்டக் கூடாதென்று மருந்தடித்தார்கள். கீழ்ப்பாதியில் சரிவை வெட்டிச் சமன் செய்து மனை போட்டார்கள். மனைக்குத் தார்ச்சாலை, சாலைக்குச் சிமெண்ட் வடிகால், காலில் சேறு ஒட்டக் கூடாதென்று வீட்டைச் சுற்றிலும் தரை ஓடு. நடுவில் இருந்த சதுப்பை நிரப்பிக் கார் நிறுத்த இடம் செய்தார்கள். வளைந்து நெளிந்து வந்த ஓடையை நிமிர்த்திக் காங்கிரீட் கால்வாயாக்கி, அதன் திறப்பு விழாவில், இனிமேல் தண்ணீர் தாமதமில்லாமல் ஏரியை அடையும் என்று வாய் கிழியப் பேசினார்கள். அந்த ஊர் மேடைகளில் பேசப்பட்டதில் இது ஒன்றுதான் பலித்தது. தாமதம் குறைந்தது, குறைந்துகொண்டே போய்ப் பூஜ்யமாயிற்று. அதற்குப் பிறகும் மலையில் கட்டுவதை யாரும் நிறுத்தவில்லை. ஆகவே அது பூஜ்யத்துக்கும் கீழே போயிற்று. கூட்டல் கழித்தல் தெரிந்தவர்களுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை.

வெள்ளத்தில் முன்கூட்டியே தண்ணீரைக் கொடுத்துவிட்டதால், மழை வரும்போது அதனிடம் கொடுக்க எதுவும் இல்லாமற்போனது. முதல் சில ஆண்டுகள் அரைகுறை ஈரமாகப் பெய்தது. பிறகு முழுக்கக் காய்ந்துபோயிற்று. இடி இடித்தது, மண்வாசனைகூட வந்தது, கூரையில் சடசடவென்று சத்தம் கேட்டது, சாய்ந்து சாய்ந்து கம்பி கம்பியாகப் பெய்தது. நின்று பார்த்தால் சட்டை நனையவில்லை. குடைக்கடைக்காரர் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கைப்பேசி உறை விற்கப் போய்விட்டார். பெண்கள் மழையில் துணியைக் கொடியிலிருந்து எடுக்காமல் விட்டார்கள். இருக்கும் ஈரமும் சீக்கிரம் காய்கிறது என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டார்கள். மனிதர்களுக்கு எதுவும் பழகிவிடும் என்பதில் ஷட்டரக்காவுக்கு இருந்த கடுப்பு கொஞ்சநஞ்சமல்ல.

அவளுடைய உண்மையான தலைவலி அலுவலகத்தின் ஒரு விதி. பல காலம் முன்பு, மேலே இருந்த சாயப்பட்டறை ஒன்று ஒரு கோடையில் தன் தொட்டிகளைக் கழுவி ஓடையில் விட்டு, ஏரி முழுக்க ஊதா நிறமாகி, ஊரே வயிற்றுப்போக்கில் படுத்துவிட்டது. அன்று எழுதினார்கள்: மழை பெய்யாமல் வரும் தண்ணீர் கழிவுநீர், அதைத் தேக்கக் கூடாது, மழை பதிவான பிறகே ஷட்டரை இறக்க வேண்டும். அந்தக் காலத்துக்கு நல்ல விதிதான். சாயப்பட்டறை மூடி, அதன் புகைபோக்கியும் விழுந்துவிட்டது. விதி மட்டும் கல்லுப்பிள்ளையாராட்டம் உட்கார்ந்திருந்தது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும், வெயிலில் நல்ல தண்ணீர் வந்து ஐந்து கதவுகள் வழியாகவும் கரைபுரண்டு வெளியேற, அதைப் பார்த்துக்கொண்டு அவள் நிற்பாள். பிறகு ஒரு நாள் காய்ந்த மழை பெய்யும். அலுவலக மாடியில் இருந்த மழைமானியில் ஒரு சொட்டும் இருக்காது. ஓட்டை என்று நினைத்து மூன்று தடவை மழைமானியை மாற்றினார்கள். கடைசியில், அலுவலகப் பொறியாளர் ஜன்னல் வழியாகப் பார்த்து மழைதான் என்று சொன்னால் போதும் என்று முடிவாயிற்று. அவர் பார்த்துச் சொன்னதும் இவள் போய், காலி ஏரிக்கு ஐந்து கதவுகளையும் இறுக்க மூடிவிட்டு வருவாள்.

பொறியாளருக்கு எதுவும் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்கு எல்லாம் தெரியும். மேசையைச் சாய்த்துப் பிடித்து, அதன்மேல் முதலில் துண்டை விரித்துத் தண்ணீர் ஊற்றி, பிறகு துண்டை எடுத்துவிட்டு ஊற்றி, காடு இருப்பதற்கும் இல்லாததற்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்குக் காட்டியவரே அவர்தான். அவருக்கும் அந்தச் சரிவில் மாடி வீடு இருந்தது. வாசலில் பளபளவென்று ஓடு பதித்திருந்தார்.

"நான் கட்டலேன்னா வேற ஒருத்தன் கட்டியிருப்பாம்மா" என்பார்.

"அந்த வேற ஒருத்தனும் கட்டியிருக்கான் சார். உங்க பக்கத்து வீடு."

விதியை மாற்றச் சொல்லி அவர் மேலே எழுதுவார். மேலே இருப்பவர்கள் ஒரு குழுவை அனுப்புவார்கள். குழு மழைக்காலத்தில் வரும், காய்ந்த மழையில் நின்று காலி ஏரியைப் பார்க்கும், நீர்வரத்து இல்லை என்று சொல்லிவிட்டுப் போகும். வெள்ளக்காலத்தில் வரச் சொன்னால், மழையே பெய்யாதபோது வந்து எதைப் பார்ப்பது என்று கேட்கும். ஷட்டரக்கா தலையில் அடித்துக்கொள்வதை விட்டுப் பல நாளாயிற்று. கை வலித்ததுதான் மிச்சம்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் அவள் தம்பி வீடு கட்டினான். பள்ளி வேன் ஓட்டுபவன். காலையும் மாலையும் அடுத்தவர் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுக் கேட்டு, தன் இரண்டு பெண்பிள்ளைகளும் மனைவியும் இருக்க ஓர் இடம் வேண்டுமென்று சிறுகச் சிறுகச் சேர்த்தவன். அவன் வாங்கிய மனை ஏரியின் உள்வாயில், தண்ணீர் தேங்க வேண்டிய பரப்பிலேயே இருந்தது. தண்ணீர்க் கஷ்டமே இல்லாத மனைகள் என்று அங்கே ஒரு பெரிய பலகை வைத்திருந்தார்கள். பல ஆண்டுகளாகத் தண்ணீர் தேங்காத நிலம் என்று அலுவலகமே சான்று கொடுத்திருந்தது. தேங்கவில்லைதான், தேங்காமல் திறந்துவிட்டுக்கொண்டிருந்தவள் அவன் அக்கா.

மனை பார்க்கப் போன அன்றே அவள் சொன்னாள். "இது ஏரிடா."

"ஏரின்னா தண்ணி இருக்கணும். எங்க, காட்டு பார்ப்போம்."

அவள் சுற்றிலும் பார்த்தாள். வெடித்த மண்ணும் ஒரு பழைய செருப்பும் கிடந்தன. காட்டுவதற்கு ஒன்றுமில்லை. அவன் கட்டினான். இருக்கும் பத்துப் பன்னிரண்டு வீடுகளில் அவனுடையதுதான் மிகத் தாழ்வானது; அந்த மனைதான் அவன் கைக்கு எட்டியது. சமையலறைக்கு மஞ்சள் வண்ணம் அடித்தான். பிள்ளைகள் வளரவளர உயரத்தைக் குறிக்கவென்று கதவு நிலையில் ஓர் இடம் விட்டான். இந்த உலகத்தில் அவளுக்கு மிகவும் பிடித்த ஆள் அவன்தான். எரிச்சலுக்கெல்லாம் எரிச்சல் அதுதான்.

ஊரோ கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகிக்கொண்டிருந்தது. கிணறுகள் முதலில் போயின. மலை தண்ணீரைத் தனக்குள் வைத்துக்கொள்வதை நிறுத்திய பிறகு கிணற்றுக்கு எங்கிருந்து ஊறும்? குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தது, பிறகு வாரத்துக்கொரு நாள் வந்தது, பிறகு காற்று மட்டும் வந்தது. லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, குடத்துக்குக் காவலாக ஓர் ஆளையும் வைக்க வேண்டியிருந்தது. கரைத்தெருவில் பாதி வீடுகளில் பூட்டு தொங்கியது. தையல்காரருக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனவர்கள் துணியை வாங்கிக்கொள்ளவே வராமல் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். தைத்து மடித்த சட்டைகள் அலமாரியில் அடுக்கடுக்காக இருந்தன. அடுத்த கோடைக்கும் இப்படியே இருந்தால் லாரி வருவதையும் நிறுத்திவிட்டு, ஊரையே இடம் மாற்றப்போவதாகப் பேச்சு அடிபட்டது. அப்போது ஒரு நாள் தையல்காரர் வாயிலிருந்து குண்டூசியை எடுத்தார்.

"நாமளும் போயிடலாமா?" என்று கேட்டார்.

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு லாரி வரிசைக்குக் கிளம்பினாள். அவர் மறுபடி குண்டூசியைக் கடித்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் தானாக ஊசியை எடுத்துவிட்டுக் கேட்ட கேள்விகள் அதிகமில்லை. அது அவளைக் குடைந்துகொண்டே இருந்தது.

அந்த ஆண்டு வெள்ளத்துக்கு அடையாளம் முந்தைய நாளே தெரிந்தது. கால்வாயின் வாயில் தவளைகள் வந்து உட்கார்ந்துகொண்டன. மழை வருவது தெரியாவிட்டாலும் வெள்ளம் வருவது அவற்றுக்குத் தெரிந்திருந்தது. ஷட்டரக்கா நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சாமானை எல்லாம் மொட்டை மாடிக்கு ஏத்துடா. நாளைக்கு நான் ஷட்டரை இறக்கப்போறேன்."

அவன் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "என்னக்கா, விளையாடுறியா? மழை வந்தாத்தானே நீ இறக்கணும்?"

"மழை வர்றப்போ இறக்கி என்னத்தைப் பிடிக்க? போதும்டா. காலி ஏரிக்குக் கதவு மூடி மூடி எனக்கு அலுத்துப்போச்சு."

"உங்க ஆபீஸ்தானே இங்க தண்ணி நிக்காதுன்னு எழுதிக் கொடுத்துச்சு? அதை நம்பித்தானே கட்டினேன்?"

"நான் இது ஏரின்னு சொன்னேனே, அதை ஏன் நம்பல?"

"நீ எல்லாத்துக்கும்தான் புலம்புவே. எதைன்னு நம்புறது?"

அதில் நியாயம் இருந்தது என்பதால் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. ஊரில் இருக்கும் ஒவ்வொரு அபத்தத்தையும் ஒரே குரலில் திட்டித் திட்டி, உண்மையான ஆபத்தைச் சொன்ன அன்றும் அதே குரலில்தான் அவளுக்குச் சொல்ல வந்தது. அவள் திரும்பி நடந்தாள். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தம்பி மனைவி, "அண்ணி, அரிசி டின்னை முதல்ல ஏத்திடவா?" என்று மட்டும் கேட்டாள். அன்று மாலைக்குள் அவள் ஒருத்தியாகவே முக்கால்வாசிச் சாமானை மாடிக்குக் கொண்டுபோய்விட்டாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து, நடக்காத காரியத்துக்கு இவ்வளவு பாடா என்று கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் அந்த நாற்காலி மட்டும் கீழே இருந்தது.

மறுநாள் கால்வாயில் தண்ணீரின் சத்தம் கேட்டதும் ஷட்டரக்கா ஐந்து கதவுகளையும் இறக்கினாள். கைப்பிடியைச் சுற்றும்போது அழுதாள். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கைப்பிடியையே திட்டினாள். பிறகு அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு, கட்டிலின்மேல் உட்கார்ந்துகொண்டாள். வெளியே நல்ல வெயில். ஏரி கரையடிப் பள்ளத்திலிருந்து ஏற ஆரம்பித்தது. வெடிப்புகள் மூடின. பழைய செருப்பு மிதந்து கரைக்கு வந்தது. மறுநாள் காலை தம்பியின் வாசற்படியையும், மாலையில் மஞ்சள் சமையலறையின் முழங்கால் உயரத்தையும் தண்ணீர் தொட்டது. மேட்டில் இருந்த வீடுகளுக்கு வாசல்தான் நனைந்தது. வந்த தண்ணீர் அத்தனை வீடுகளின் சுவரைத் தொட்டிருந்தாலும் அது தன் பழைய இடத்தில்தான் நின்றிருக்கும். அதற்குப் புதிதாக ஓர் அடி நிலம்கூடத் தேவைப்படவில்லை.

பொறியாளரும் தம்பியும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். தம்பியின் கால்சட்டை தொடைவரை நனைந்திருந்தது. அவன் கத்தவில்லை. கைப்பிடியைக் கொடு என்று சொல்லிக் கையை நீட்டினான். அவள் கட்டிலைவிட்டு நகரவில்லை. தையல்காரர் எழுந்து வந்து அவள் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். பொறியாளர் நெற்றியைத் துடைத்தார்.

"மழை பதிவாகலையேம்மா. நான் எப்படி அனுமதி கொடுக்க? மேல கேட்டா நான் என்ன சொல்றது?"

"மழை வரும் சார். வந்ததும் எப்பவும்போல ஜன்னல்ல பார்த்து அனுமதி எழுதுங்க. தேதி மட்டும் நான் கதவை இறக்கின தேதியாப் போடுங்க."

பொறியாளர் முகம் தெளிந்தது. அவருடைய உத்தியோகத்தில் இவ்வளவு சுலபமான எதையும் யாரும் அவரிடம் கேட்டதில்லை. அடித்துக்கொண்டுபோன சாலைகளுக்கும், இடிந்த பிறகு காகிதத்தில் கட்டி முடிக்கப்பட்ட சுவர்களுக்கும் அந்த அலுவலகம் காலங்காலமாகச் செய்துவந்தது அதுதான். நடந்ததற்கு முன்தேதி போடத் தெரியும். இனி நடக்கப்போவதற்கும் போடலாம் என்று இத்தனை ஆண்டுகளாக யாருக்கும் தோன்றவில்லை. அவர் ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அப்படியானால் சரி என்று கிளம்பிவிட்டார். தம்பி அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றான். எவ்வளவு பெரிய கதவு எவ்வளவு சுலபமாக மூடிவிட்டது என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

அன்றே தம்பி குடும்பம் அந்த இரண்டு அறை வீட்டுக்கு வந்தது. போவதற்கு வேறு இடமில்லை. பிள்ளைகள் தையல் இயந்திரத்துக்கடியில் பாய் விரித்துக்கொண்டார்கள். தம்பி அக்காவிடம் பேசுவதை நிறுத்தினான். பேச வேண்டியதை அவள் காதுபடத் தையல்காரரிடம் சொல்வான்: "மாமா, உங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க, கொடியில என் சட்டையைக் காயப்போட வேணாம்னு." தையல்காரர் தலையாட்டுவார். ஊசி வாயில் இருக்கும். அவள் சட்டையைக் காயப்போடுவாள். தினமும் வேலை முடிந்ததும் அவன் தன் வீட்டுக்குத் தண்ணீரில் நடந்து போய், சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவான். அந்த நேரத்தில் அவனைப் பார்ப்பதற்குப் பயந்து அவள் கரையின் மறுகோடிக்குப் போய்விடுவாள். செய்தது சரி என்று அவளுக்குச் சந்தேகமில்லை. சரியாக இருந்தும் இப்படி ஓடி ஒளிவானேன் என்றுதான் அவளுக்கு எரிச்சலாக வந்தது.

குழாய்களில் தண்ணீர் வந்தது. முதலில் துரு, பிறகு சேறு, பிறகு தெளிந்த தண்ணீர். கரைத்தெருவில் ஒரு பூட்டு திறந்தது, பிறகு இன்னொன்று. ஒருவர் வந்து எப்போதோ கொடுத்த சட்டையை வாங்கிப் போட்டுப் பார்த்து, வயிறு இறுக்குகிறது என்று தையல்காரரோடு சண்டைக்கு நின்றார். அந்தச் சண்டையைத் தையல்காரர் வெகுவாக ரசித்தார்.

ஒரு மாதமும் சில நாளும் கழித்து, நிறைந்த ஏரியின்மேல் மேகம் கூடியது. இடி இடித்தது. காய்ந்த மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் முற்றத்தில் ஓடினார்கள். கொடியில் துணி அப்படியே ஆடியது. தன் வீட்டிலிருந்து திரும்பி வந்த தம்பி முற்றத்தின் நடுவில் நின்றான். முழங்கால்வரை கால்சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. சட்டையிலும் தலையிலும் மழை பெய்துகொண்டிருந்தது. அங்கெல்லாம் ஒரு பொட்டு ஈரமில்லை. அவன் கையை நீட்டி மழையைப் பிடித்துப் பார்த்தான். பிறகு குனிந்து தன் கால்களைப் பார்த்தான். வாசற்படியில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் திரும்பினான்.

"என் வீட்டுக்குள்ள நிக்கிறது இந்த மழையா?"

"இதேதான்."

அவன் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தான். "நல்லாத்தான் பெய்யுது" என்றான். "சீக்கிரம் நிக்காதுபோல. அக்கா, அந்தக் குடத்தைக் கொடு. புள்ளைங்களுக்குத் தண்ணி பிடிச்சு வைக்கிறேன்."

அவள் உள்ளே போய்க் குடத்தை எடுத்துவந்து கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு, பெய்துகொண்டிருந்த மழைக்குள் நடந்துபோய், தெருக்குழாயைத் திறந்து நிரப்பினான்.